காலி ஸ்லாட்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெட்டிக்கடையில் வாங்குகிற வெள்ளை ரப்பர். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தபடி, இன்னொரு கையில் விரல் நீளப் பச்சைத் தகடு ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் ஓரத்துப் பொன்னிறப் பற்களை ஒரே திசையில் தேய்த்துக்கொண்டிருந்தார் கடைக்காரர். மேலும் கீழுமாகத் தேய்க்கவில்லை. உள்ளிருந்து வெளியே மட்டும். நாலு தேய்ப்புக்கு ஒருமுறை ஊதுவார், ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். மங்கிக் கிடந்த பற்கள் ஒவ்வொன்றாகப் பளிச்சிட்டன. அந்தத் தகடுதான் ரேம். இந்தப் பக்கத்தில் குச்சி என்பார்கள்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், காலடிப்பேட்டை மெட்ரோ நிலையத்துக்குச் சற்று வடக்கே, தூண்களின் நிழல் விழுகிற வரிசையில் இருக்கிறது கடை. புது லேப்டாப் விற்பார்கள், பழையதைப் பழுது பார்ப்பார்கள். கிழக்கே சில தெருக்கள் தாண்டினால் கடல். உப்புக் காற்று சைக்கிள் செயினை மட்டும் தின்பதில்லை, ரேம் பற்களையும் தின்னும். ஆன் ஆகவில்லை, கறுப்புத் திரை, பீப் பீப் என்கிறது என்று வருகிற மெஷின்களில் பாதியை இந்த ரப்பர்தான் எழுப்பி அனுப்புகிறது. கீபோர்டு மாற்றக் கொடுத்த என் மெஷின் உள்ளறையில் இருந்தது. பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று கிடைத்தது, உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவும் மகளும் வந்தது நாலரை மணி வாக்கில். அவருக்கு ஐம்பது இருக்கும். சட்டைக்கு மேல் மாட்டிய ஆரஞ்சு நிறப் பளபளப்பு ஜாக்கெட்டைக் கழற்றவில்லை, காலில் பாதுகாப்பு ஷூ. மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கில், பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற ரீச் ஸ்டேக்கர் ஓட்டுகிறவர் என்பது பிறகு பேச்சில் வந்தது. மகள் கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டே படியேறினாள். பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. இன்னொரு தோளில் பழைய கறுப்பு லேப்டாப் பை ஒன்று தொங்கியது. அதன் மேல் அச்சிட்ட படம் தேய்ந்து வெளுத்திருந்தாலும் என்ன பை என்று தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியும்.

2011 செப்டம்பரில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பை. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் ப்ளஸ் டூ படித்த பிள்ளைகள் லட்சக்கணக்கில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் பலவற்றுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். இந்த வீட்டில் அது மூத்த பையனுக்குக் கிடைத்தது. 4 ஜி.பி. ரேமோடு வந்தது. அவன் வேலைக்குப் போன முதல் மாதம் இன்னொரு 4 ஜி.பி. குச்சி வாங்கி உள்ளே போட்டானாம். பெருமையோடு சொன்னாள் தங்கை. இப்போது அந்த மெஷின் விண்டோஸ் 10-ல் நிற்கிறது. 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. 11-ஐ ஏற்கும் தகுதி அந்தப் பழைய புராசஸருக்கு இல்லை. ஹார்ட் டிஸ்க்கும் கிரீச் கிரீச் என்று சத்தம் போடத் தொடங்கிவிட்டது.

"கெவர்மென்ட்டே குடுக்குதேம்மா இப்போ?" என்றார் கடைக்காரர், ரப்பர் தூளைத் தட்டிவிட்டு.

"எங்க காலேஜுக்கு இல்லியாம்ண்ணா. பக்கத்து வீட்டு அண்ணன் கெவர்மென்ட் காலேஜு, அவருக்கு வந்துச்சி."

2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்து, 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினி அது. 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. அரசு ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து அத்தனை லட்சம் பேருக்குக் கொடுத்துவிட்டால், அதுவே ஊருக்கு அளவுகோல் ஆகிவிடுகிறது. அப்பா அந்த அளவுகோலோடுதான் வந்திருந்தார்.

"அந்தப் பையனுக்கு எட்டு குடுத்துக்கீறாங்க. அதே எட்டு போதும் தம்பி. இன்னும் சொல்லப்போனா இது ஐந்நூத்திப் பன்னண்டுன்னு போட்டிருக்கு, அத்தவிட டபுளு" என்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மெல்லிய வெள்ளி நிற மெஷினைக் காட்டினார். விலைச் சீட்டில் 8 ஜி.பி. / 512 ஜி.பி. என்று இரண்டு எண்கள். பெரிய எண் அவருக்குப் பிடித்திருந்தது.

"நைனா, அது வேற, இது வேற."

"ரெண்டும் ஜி.பி.தானே?"

கடைக்காரர் அவசரப்படவில்லை. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாரோ, முதன்முறை சொல்கிற மாதிரியே சொன்னார். ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்பது படம், பாட்டு, பாடம், எல்லாம் நிரந்தரமாகத் தங்குகிற இடம். கரண்ட் போனாலும் இருக்கும். எட்டு என்பது இந்த நிமிஷம் வேலை நடக்கிற இடம். எதைத் திறந்தாலும் அங்கேயிருந்து இங்கே வந்துதான் ஓட வேண்டும். ஆஃப் செய்தால் துடைத்துவிட்ட மாதிரி காலி.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவரே சொன்னார்: "அப்போ ஐந்நூறு யார்டு. எட்டு பெர்த்து."

"கரெக்ட்டு ண்ணே."

"யார்டுல எவ்ளோ எடம் இருந்து இன்னா, பெர்த்து இல்லன்னா கப்பல் வெளில நங்கூரம் போட்டு நிக்கும்."

துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் புரிந்தது என்பதும் செலவுக்குச் சம்மதம் என்பதும் ஒன்றல்ல. அவர் மறுபடி வெள்ளி மெஷினைப் பார்த்தார். பையும் மவுஸும் இலவசம் என்று அதன் மேல் ஒட்டியிருந்தது. நாற்பதாயிரத்தை ஒட்டிய விலையில் இரண்டாயிரம் குறைவும்கூட.

கடைக்காரர் ஒரு காரியம் செய்தார். அந்த வெள்ளி மெஷினின் காட்சிப் பிரதியை எடுத்து மேசையில் வைத்து ஆன் செய்தார். மூன்று விசையைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி என்ற பக்கத்துக்குப் போய், திரையை அப்பாவின் பக்கம் திருப்பினார். ஒன்றுமே திறக்காமல், சும்மா ஆன் செய்த நிலையிலேயே மூன்றரை ஜி.பி. போயிருந்தது. மேலே மொத்தம் 7.7 என்று காட்டியது. மிச்சத் துண்டைத் திரைக்குப் படம் வரைகிற சில்லு தனக்கென்று எடுத்துக்கொள்கிறது; தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத எல்லா மெஷினிலும் இப்படித்தான். பிறகு பிரவுசரைத் திறந்தார். யூடியூபில் ஒரு பாடம், கூகுள் டாக்ஸ், கல்லூரி போர்ட்டல், இரண்டு மூன்று தேடல் பக்கம். ஒவ்வொரு டேபுக்கும் கோடு ஒரு படி ஏறியது. டீம்ஸைத் திறந்தார். நீலக் கோடு மேல்விளிம்பை நெருங்கி, அங்கேயே படுத்துக்கொண்டது. 90 சதவீதத்துக்கும் மேல்.

"இன்னும் நான் வேலையே ஆரம்பிக்கல" என்றாள் மகள்.

அந்தக் கோடு மேலே போய்ப் படுத்த பிறகு என்ன ஆகும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை. ரேமில் இடம் இல்லாதபோது, அப்போதைக்குத் தொடாதவற்றை எடுத்து எஸ்.எஸ்.டி.யில் ஓர் ஒதுக்கிடத்தில் போட்டுவிட்டு, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவருகிறது விண்டோஸ். வேலை நிற்காது, இழுக்கும். எஸ்.எஸ்.டி. எவ்வளவு வேகமானாலும் ரேமின் பக்கத்தில் வர முடியாது. ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் வெள்ளைத் திரை ஒரு கணம் நிற்கிறதே, அது இந்தப் போக்குவரத்து. ஒரு முறை என்றால் கவனிக்கக்கூட மாட்டோம். ஒரு நாள் முழுக்க, மூன்று வருடம் முழுக்க அப்படியே என்றால், படிக்கிற பிள்ளைக்கு மெஷினைத் திறக்கவே மனம் வராது.

மகள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். அடித்தல் திருத்தல் இல்லாமல், கேள்விகளாக. முதல் கேள்வியைப் படித்தாள்:

"ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ எமுலேட்டரோட ஓடுமாண்ணா?"

கடைக்காரரின் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. இதுவரை அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். "உனக்கு அடுத்த செமஸ்டர்ல ஆப் டெவலப்மென்ட்டா?"

"ஆமாண்ணா. ப்ராஜெக்ட்டும் அதுலதான்."

"எமுலேட்டர் எதுக்கு? போனக் கேபிள்ல கனெக்ட் பண்ணி ஓட்டலாமே. ரேம் மிச்சமாகும்."

அவள் தன் போனை எடுத்து மேசையில் வைத்தாள். திரையில் குறுக்கே விரிசல், அதன் மேல் செல்லோ டேப். "சார்ஜ் போட்ற எடம் லூசுண்ணா. ஒயர ஆட்டி ஆட்டி வெச்சாத்தான் ஏறும். கம்ப்யூட்டர்ல சொருவினா கட்டாயிடுது. ஒயர் இல்லாம வை-ஃபைல பண்ணலாம்னு சொன்னாங்க, அதுக்கு ஆண்ட்ராய்டு பதினொண்ணு வேணுமாம். இதுல ஒம்போதுதான்."

"வீட்ல வேற போன்?"

"அம்மாகிட்ட இருக்கு. அம்மா விடிகாலையில காசிமேடு போய்டும். மீன் வாங்கினு தெருத்தெருவா வித்துட்டு வர்றதுக்கு ரெண்டு மணி ஆய்டும். எல்லாம் ஜீ-பே தான் பண்றாங்க, போன் இல்லாம அம்மா போ முடியாது." அப்பா தன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். அதில் இருந்தது பட்டன் போன்.

எமுலேட்டர் என்பது லேப்டாப்பின் உள்ளே ஒரு முழு ஆண்ட்ராய்டு போனைப் பொய்யாக உருவாக்கி ஓட்டுவது. அந்தப் பொய்ப் போனுக்கும் ரேம் வேண்டும், அது லேப்டாப்பின் ரேமிலிருந்துதான் போகும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ மட்டும் ஓட 8, எமுலேட்டரோடு சேர்த்து ஓட 16 என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

"மாணவர்களுக்கு 8 போதும்" என்ற அறிவுரையை எல்லோரும் சொல்கிறோம். கையில் நல்ல போன் இருக்கிற பிள்ளைக்கு, வகுப்பைப் பார்க்க ஒரு டேப்லெட்டோ டி.வி.யோ தனியே இருக்கிற வீட்டுக்கு, கல்லூரி லேப் மாலை ஏழு மணி வரை திறந்திருக்கிற ஊருக்கு அது சரி. அந்த அறிவுரைக்குள் இத்தனை பொருள்கள் சொல்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. இல்லாத வீட்டில் அவை அத்தனையின் வேலையும் அந்த ஒரே மெஷினின் தலையில் வந்து ஏறுகிறது. அதில்தான் வகுப்பு, அதில்தான் போன், அதில்தான் லேப், ராத்திரி தம்பியின் பாடமும் அதில்தான். குறைவாக இருக்கிற வீட்டுக்குத்தான் ரேம் அதிகம் தேவைப்படுகிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மெஷினை மாற்றுகிற வீட்டுக்கு 8 போதும். அண்ணனின் மெஷினைத் தங்கையும், தங்கையுடையதைத் தம்பியும் எடுத்து எட்டு வருடம் ஓட்டுகிற வீட்டுக்குப் போதாது. ஆனால் கடைகளில் நடப்பது தலைகீழ். பணம் குறைவு என்று பார்த்ததும் குறைந்த ரேம் மெஷினை முன்னால் எடுத்து வைக்கிறார்கள். இந்தக் கடைக்காரர் அப்படிச் செய்யாதது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

"அப்போ பதினாறு இருக்கறதே காட்டு தம்பி" என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது.

காட்டினார். விலையைப் பார்த்ததும் அப்பா மகளைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தார்.

நேரம் கெட்ட நேரம். 2025-ன் பிற்பாதியிலிருந்து உலகம் முழுவதும் ரேம் விலை மடங்குக் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. உலகில் இந்தச் சில்லுகளின் பெரும்பகுதியைச் செய்வது மூன்றே கம்பெனிகள்: கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை நுண்ணறிவுக்கான ராட்சத சர்வர்களுக்கு வேறொரு வகை மெமரியை அடுக்கடுக்காகச் செய்து கொடுத்தால் லாபம் அதிகம். அதே தொழிற்சாலை, அதே சிலிக்கான் தட்டு. அங்கே போனது இங்கே குறையும். லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் போடுகிற குச்சிகளை க்ரூஷியல் என்ற பெயரில் பல காலமாக விற்றுவந்த மைக்ரான், 2025 டிசம்பரில் அந்த வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. எங்கோ ஒரு சர்வர் கூடத்துக்கு யாரோ கொடுத்த ஆர்டர், காலடிப்பேட்டையில் ஒரு ஸ்டேக்கர் டிரைவரின் மாதக் கணக்கில் கை வைக்கிறது.

"போன வருசம் இதே எட்டு ஜி.பி. குச்சி ரெண்டாயிரத்துக்குள்ள குடுத்தேன் ண்ணே. இன்னிக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல எனக்கே மூணு மடங்கு சொல்றான்" என்றார் கடைக்காரர். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இங்கிருந்து தூரமில்லை. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு ஒரே ரயிலில் அரசினர் தோட்டம் இறங்கி நடந்து போகலாம். போய் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள் என்பது மகள் தலையசைத்த விதத்தில் தெரிந்தது.

அப்பா ஜாக்கெட்டின் ஓரத்தை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தார். சீட்டுப் பணம் மாசி கடைசியில் வரும் என்றார். நைட் ஷிப்ட் ரெண்டு சேர்த்துப் பார்க்கலாம் என்றார். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னார். மகள் நோட்டைப் பார்த்தபடி நின்றாள். அவளுடைய அடுத்த கேள்வி பக்கத்தில் காத்திருந்தது. கேட்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. கேட்டாள்.

"இந்த வெள்ளி மெஷின்ல ஸ்லாட்டு இருக்காண்ணா?"

"இல்லமா. போர்டுலயே ஒட்டினது. எட்டுன்னா கடேசி வரைக்கும் எட்டுதான்."

"ஸ்லாட்டு இருக்கறது எது?"

கடைக்காரர் எழுந்து உள்ளே போய், கண்ணாடிப் பெட்டியில் வைக்காத ஒன்றைக் கொண்டுவந்தார். கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு, கொஞ்சம் தடிமன், ஐ3 புராசஸர். போர்டில் ஒட்டிய 8 ஜி.பி., கூடவே ஒரு காலி ஸ்லாட். விலை வெள்ளி மெஷினைவிடச் சற்று அதிகம். மவுஸ் இலவசம் இல்லை. யாரும் கேட்காததால் உள்ளே கிடந்தது.

லேப்டாப்பை மெல்லிசாகச் செய்வதற்காகக் கம்பெனிகள் ரேமை போர்டோடு சேர்த்து ஒட்டிவிடுகின்றன. ஒட்டிய ரேமுக்கு நல்ல பக்கமும் உண்டு: மின்சாரம் குறைவாக எடுக்கும், வேகம் கூடும், இந்த ஊர் உப்புக் காற்றில் பல் மங்குகிற தொல்லை இல்லை. ஆனால் வாங்குகிற நாளிலேயே அடுத்த ஏழெட்டு வருடத்துக்கான முடிவை எடுக்கச் சொல்கிறது. மாதச் சம்பளக்காரரால் அந்த முடிவை ஒரே நாளில் எடுக்க முடியாது. கையில் காசு சேரும்போது சேர்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும், வீட்டுக்கு மேல் தளம் போடக் கம்பி நீட்டி விடுகிறோமே, அந்த மாதிரி. எவ்வளவு ரேம் என்று கேட்கிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்: காலி ஸ்லாட் உண்டா என்று பாருங்கள், எண் அப்புறம்.

மகள் மூன்றாவது கேள்வியைப் படிக்கவில்லை. தோளில் இருந்த பழைய பையை இறக்கி மேசைமேல் வைத்தாள்.

"இதுல அண்ணன் போட்ட நாலு ஜி.பி. குச்சி கீது. டி.டி.ஆர். 4. இந்தப் புதுசுல போகுமாண்ணா?"

கடை ஒரு கணம் அப்படியே நின்றது. கடைக்காரர் சிரித்துவிட்டார், சந்தோஷமாக. "அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா?"

பழைய மெஷினைக் கவிழ்த்தார். ஸ்க்ரூக்களைக் கழற்றிக் காந்தத் தட்டில் வரிசையாக வைத்தார். மூடியை நெம்பினார். உள்ளே மின்விசிறியைச் சுற்றி நுண்ணிய கரும்புழுதி, வடசென்னையின் எல்லா மெஷின்களிலும் இருக்கிற புழுதி. அதை பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, இரண்டு பக்க கிளிப்பையும் விரல் நகத்தால் விலக்கினார். குச்சி மெல்ல எழும்பிச் சாய்ந்து நின்றது. எடுத்து அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணருகே வைத்துப் படித்தார். டி.டி.ஆர். 4, 2400.

"புதுசு 3200-ல ஓடும். இத்தப் போட்டா ரெண்டும் 2400-க்கு எறங்கி வரும். அது பெரிய நஷ்டம் இல்ல. எடம் இல்லாம இழுக்கறதுக்கு, கொஞ்சம் வேகம் கொறஞ்சி எடம் இருக்கறது எவ்ளவோ மேலு. அதுவும் இல்லாம, ஒட்டினதுல நாலு, இதுல நாலு ஜோடியா சேர்ந்து வேல செய்யும். கிராஃபிக்ஸுக்கு நல்லது."

எட்டும் நாலும் பன்னிரண்டு. எட்டா பதினாறா என்று ஒரு மணி நேரமாக மாறி மாறிப் பேசிய பேச்சில் இந்த எண் ஒருமுறைகூட வரவில்லை. அது மகளின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுபடி ரப்பர். அண்ணன் வாங்கிய குச்சியின் பற்களை உள்ளிருந்து வெளியே தேய்த்தார். அதன் மேல் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்களாக ஒட்டியிருந்த சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1966-ல் ஐ.பி.எம்.மில் ராபர்ட் டென்னார்ட் கண்டுபிடித்து 1968-ல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றைக்கும்: ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு டிரான்சிஸ்டர், மின்னூட்டத்தைப் பிடித்து வைக்க ஒரு துளிக் கொள்கலன். அந்தக் கொள்கலன் ஒழுகும். அதனால் நொடியின் பதினாறில் ஒரு பங்குக்குள், சரியாகச் சொன்னால் 64 மில்லிநொடிக்குள், எல்லாவற்றையும் ஒருமுறை படித்து மீண்டும் நிரப்ப வேண்டும். 1970-ல் இன்டெல் விற்ற 1103 என்ற சில்லில் 1,024 பிட் இருந்தது. இந்தப் பழைய 4 ஜி.பி. குச்சியில் 3,400 கோடிக்கும் மேல். அத்தனையும் ஒழுகுகின்றன, அத்தனையும் நிரப்பப்படுகின்றன, ஒரு பையன் முதல் சம்பளத்தில் வாங்கிப் போட்ட நாளிலிருந்து.

புது மெஷினின் அடிமூடியைத் திறப்பதற்கு முன் கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார். "வாங்கிக்கிறீங்களா ண்ணே? தொறந்துட்டா திரும்ப எடுக்க மாட்டேன்."

அப்பா பட்டன் போனில் வீட்டுக்காரியை அழைத்தார். "ஆங்... பன்னண்டு ஆவுதாம்... இல்ல இல்ல, பெரியவன் போட்ட குச்சிதான்... அத்தக் கழட்டித்தான்... ஆங், அவளே கேட்டா." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் ஏறியிருந்தது. போனை வைத்துவிட்டு, "தொற தம்பி" என்றார்.

குச்சியைச் சாய்வாக ஸ்லாட்டில் நுழைத்து, மேலிருந்து அமுக்கினார். இரண்டு கிளிப்பும் ஒரே சமயத்தில் டக்கென்று பிடித்தன. மூடினார், ஆன் செய்தார். திரை கறுப்பாகவே இருந்தது. ஐந்து நொடி. பத்து நொடி. அப்பா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"புதுக் குச்சி போட்டா மொதோ வாட்டி லேட்டாகும் நைனா. அளவு பாத்துக்கும்" என்றாள் மகள். கடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு கம்பெனி பெயர் வந்தது.

டாஸ்க் மேனேஜர். 12 ஜி.பி., பயன்படுத்தக் கிடைப்பது 11.7. முன்பு திறந்த அதே பக்கங்களைத் திறந்தார், அதே டீம்ஸையும் திறந்தார். கோடு பாதியைத் தாண்டிக் கொஞ்சம் ஏறி நின்றது. மேலே வெள்ளை இடம் இருந்தது. அப்பா குனிந்து அந்த வெள்ளை இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எமுலேட்டர் ஓடும். ஆனா அது ஓடறப்போ பிரவுசர்ல அஞ்சாறு டேபுக்கு மேல வெச்சிக்காத" என்றார் கடைக்காரர். பதினாறு கேட்கிற இடத்தில் பன்னிரண்டு என்பது இழுத்துப் பிடித்து ஓட்டுவதுதான், அதை அவர் மறைக்கவில்லை. "பழசுல இன்னும் நாலு ஜி.பி. இருக்கு. அதுலயே பாஸ் லினக்ஸ் போட்டுக் குடுத்தாங்க இல்ல, விண்டோஸ எடுத்துட்டு அத்தயே ஓட்டு. சத்தம் போட்ற டிஸ்க்க மட்டும் மாத்திக்க. தம்பி இருந்தா டைப்பிங் கத்துக்கட்டும்."

"எட்டாவது படிக்கிறாண்ணா."

பில் புத்தகத்தை எடுத்தார். மெஷின் பெயர், சீரியல் நம்பர், தொகை எல்லாம் எழுதிக் கிழிக்கப் போனவரை மகள் நிறுத்தினாள். நோட்டின் கடைசிக் கேள்வி அது.

"ஸ்லாட்டுல குச்சி போட்டது உங்க கடையிலன்னு பில்லுல எழுதிடுங்கண்ணா. நாளைக்கு சர்வீஸ் சென்டர்ல, யார் தொறந்தது, வாரண்ட்டி கெடயாதுன்னு பேச்சு வரக் கூடாது. குச்சி எங்களுதுன்னும் எழுதுங்க."

எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். அப்பா பணத்தை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார், மிச்சத்துக்கு மூன்று தவணை. பட்டன் போனை நீட்டி, "உன் நம்பர அழுத்து தம்பி" என்றார். "பதினாறு குச்சி வெல எறங்குச்சின்னா ஒரு போன் போடு."

"பதினாறு வேணாம் நைனா. ஒட்டினது எட்டு இருக்கு. இன்னோர் எட்டு போட்டா போதும்."

"சரி, எட்டு. எட்டு எறங்குச்சின்னா போடு."